என் பேரிலும் ஒரு வேண்டுதல்

வேளாங்கண்ணி,
மாசி மாதம், 1972.

அன்புள்ள அத்தானுக்கு,

ஆனந்தவல்லி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன். அங்கு நீங்களும் அத்தையும் சுகம்தானே. உங்களை அத்தான் என்று எழுதலாமா கூடாதா என்றே தெரியாமல் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடிதமே போடக் கூடாது என்பது வக்கீல் உத்தரவு. போட்டால்தான் எப்படிப் போடுவது, மகாகனம் பொருந்திய மிராசுதார் அவர்களுக்கு என்றா?

கணக்குப்பிள்ளை ரெத்தினம் கொண்டுவந்த அரிசி, வடகம், எண்ணெய் எல்லாம் வந்து சேர்ந்தன. இந்த வீட்டில் யாரையும் தனியாகச் சமைக்க விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் வீட்டுக்காரி சவரியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். பூதலூர்ப் பக்கத்து அரிசியாக்கும் என்று தங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பரிமாறுகிறாள். அவள் புருஷன் மிக்கேல்ராஜ் மாதா கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறார். வீட்டில் நாலு அறையை யாத்திரைக்காரர்களுக்கு விடுகிறார்கள். லாட்ஜ் என்று சொல்லிவிட்டால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். அவர்கள் சாப்பிடுவதைத்தான் நாமும் சாப்பிட வேண்டும், அதுவும் அவர்களோடு அடுப்படியில் உட்கார்ந்து. எனக்கென்று மீன் படாத பாத்திரம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். ஆனால் காற்று அடித்தால் எல்லார் சோற்றிலும் ஒரே மணல்தான். மாடியில் காயப்போட்ட புடவை உப்புக் காற்றில் அப்பளம் மாதிரி விறைத்துப் போகிறது.

நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. கீழவெளி நஞ்சை என் பேரில் இருக்கிறது. நான் உங்கள் பெண்டாட்டியாக இருந்தால் அது உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும், உச்சவரம்புக்கு மேலே போய்விடும், சர்க்கார் எடுத்துக்கொண்டு உழுகிற இளையபெருமாளுக்கே கொடுத்துவிடும். ஆகவே நாம் உறவைத் தீர்த்துக்கொண்டதாக ஒரு காகிதம், பிறகு நான் கொஞ்ச நாள் கண்காணாத இடத்தில். எல்லாம் பேருக்குத்தான், அடுத்த நாற்றங்காலுக்குள் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்றீர்கள். இது வரைக்கும் எனக்குப் புரிகிறது. இதற்கு மேல்தான் ஒன்றும் புரியவில்லை.

இந்த வீட்டில் ஒரு வழக்கம். வருகிறவர்களிடம் ஊரைக் கேட்பதற்கு முன்னால் என்ன வேண்டுதல் என்று கேட்பார்கள். வேண்டுதல் இல்லாமல் ஒருவர் வேளாங்கண்ணிக்கு வந்து சவரியம்மாள் பார்த்ததில்லையாம். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் தங்கியிருக்கிறவர்களின் வேண்டுதல்களைப் பேர் பேராக மாதாவிடம் சொல்வார்கள். கீழ் அறைக்காரருக்குக் கண் தெளிய வேண்டும், திண்டுக்கல் பெண்ணுக்குக் குழந்தை தங்க வேண்டும் என்று. என்னிடமும் கேட்டாள். நிலத்தைக் காப்பாற்ற வந்தேன் என்றா சொல்வது? எனக்குச் சட்டென்று பொய் வராது, உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் என்கூட இல்லை என்று மட்டும் சொன்னேன். மீதியை அவளே நினைத்துக்கொண்டாள். மாடி அறை ஆனந்தவல்லி அம்மாளை அவங்க வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கிட்டுப் போகணும் தாயே என்று அன்றைக்கே சொல்லியாயிற்று.

முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. தொலையாத பொருளைத் தேடித் தரச் சொல்கிறார்களே என்று. பிறகு, எப்போது சாயங்காலம் ஆகும், என் பேர் எப்போது வரும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். ஏன் அப்படிக் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ரெத்தினத்திடம் எப்போது வந்து கூட்டிப்போவார் என்று கேட்டேன். அவர் கடலைப் பார்த்தார். சீர்காழிக் கல்யாணத்தில் அத்தை எல்லாரிடமும் நான் பிள்ளை பெறாதவள், கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று சொன்னார்களாம். கும்பகோணத்தில் ஒரு பெண்ணின் ஜாதகம் வாங்கியிருப்பதாகவும் கேள்வி என்றார். அத்தான், அதுவும் வக்கீல் சொல்லிக்கொடுத்ததுதானா? ஊர் நம்புவதற்காகச் சொன்னதா? ஆனால் ஊர் நம்புவதற்கு ஜாதகத்தை உண்மையிலேயே வாங்க வேண்டுமா? இதைப் பலவிதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி படுகிறது.

நேற்று நிலச் சீர்திருத்த ஆபீசிலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். மரியாதையான மனிதர், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரியம்மாள் முந்திக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த வீட்டில் இல்லை, இன்றைக்கோ நாளைக்கோ அவர் வந்துவிடுவார் என்று பேச ஆரம்பித்தாள். ஆபீசர் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, அவருக்கும் உங்களுக்கும் இனிமே ஒட்டு உறவு உண்டா?" என்று கேட்டார்.

நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னேன். "இல்லைங்க. எல்லாம் முடிஞ்சுபோச்சு."

வக்கீல் சொன்னபடி தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருந்தேன். ஆபீசர் என் கழுத்தைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், போய்விட்டார். உங்கள் நிலம் தங்கிவிட்டது, சந்தோஷப்படுங்கள். சவரியம்மாள் அடுப்படிக்குப் போனாள். எனக்கு முன்னால் காப்பியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஜெபமாலை முடிந்தது. கீழ் அறைக்காரர் பேர் வந்தது. திண்டுக்கல் பெண் பேர் வந்தது. அத்தோடு எல்லாரும் எழுந்துகொண்டார்கள். முடிந்துபோனதற்கு வேண்டிக்கொள்ளக் கூடாது என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் மட்டும் உட்கார்ந்தே இருந்தேன். அத்தான், எனக்குப் பயமாக இருக்கிறது. ஆபீசர் நம்பிவிட்டார், இந்த வீடு நம்பிவிட்டது, ஊர் எப்போதோ நம்பிவிட்டது. நீங்களும் நம்பிவிட்டீர்களோ?

கீழவெளி என் அம்மா எனக்குக் கொடுத்த வயல். அதன் நெல்லை நான் தின்றதுண்டு, சேற்றில் ஒரு நாள் கால் வைத்ததில்லை. உழுகிறவன் இளையபெருமாள். போனால் அவனுக்குத்தான் போகட்டுமே. இதை ஆத்திரத்தில் எழுதவில்லை. என்னைக் கொடுத்து அதை வைத்துக்கொள்ளும் அளவுக்கு அந்த வயலில் என்ன விளைகிறது என்றுதான் விளங்கவில்லை.

ரெத்தினத்தை அனுப்ப வேண்டாம். வடகமும் வேண்டாம். நீங்களே பட்டப்பகலில் நாகப்பட்டினம் பஸ்ஸில் வந்து இறங்குங்கள். மெழுகுவர்த்திக் கடையில் நின்று, என் மனைவி எந்த வீட்டில் இருக்கிறாள் என்று நாலு பேர் காதில் விழக் கேளுங்கள். கேட்டால் போதும். தாலியைப் போட்டுக்கொண்டு நானே இறங்கி வந்துவிடுவேன்.

தப்பித்தவறிக் கடிதம் போட நேர்ந்தால் உறையில் அனுப்புநர் என்ற இடத்தில் அப்பா பேரைப் போட வேண்டும் என்று வக்கீல் சொன்னது நினைவிருக்கிறது. நான் ஆனந்தவல்லி, கோவிந்தராசு அவர்களின் மனைவி என்று எழுதியிருக்கிறேன். நம் ஊர்த் தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படித்துத்தான் கொடுப்பார். அந்தச் சமயம் நீங்கள் வாசலில் இருந்து, ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் அத்தைக்கும் ஒரு குறையும் வராமல் மாதா காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ஆனந்தவல்லி