சகலையின் தொப்பியும் எங்கள் புகைபோக்கியும்

மார்ச் 3
சகலைக்குத் தொப்பி வந்துவிட்டது. மைத்துனியைக் கட்டியவன், என்னைவிடப் பத்து வயது சின்னவன், இன்றுமுதல் தேசிய உமிழ்வு ஆணையத்தில் ஆய்வாளர். நாட்டில் எந்தப் புகைபோக்கி எவ்வளவு கரியமில வாயு விடலாம் என்று வரம்பு போடுகிற ஆணையம். நீலத் தொப்பியோடு அவன் வாசலில் நின்றதும் சூரியனே ஒதுங்கி வழிவிட்டது போல என் மனைவி வாய் பிளந்து நின்றாள். நான் சோப்பு ஆலையின் கொதிகலன் அறைக்குச் சக்கரவர்த்தி. என் தலையில் என்ன இருக்கிறது? கரி.

மார்ச் 4
தூக்கமில்லை. என் வயிற்றெரிச்சலுக்கு மட்டும் ஆணையம் வரம்பு வைக்கவில்லை.

மார்ச் 12
இடி! எங்கள் ஆலையை ஒரு வாரம் அளக்க அவனையே அனுப்புகிறார்கள். “சொந்தக்காரர்னு எழுதிக் குடுத்தேண்ணே. ஆளு இல்ல, நீயே போன்னுட்டாங்க” என்றான். பிறகு மெதுவாக, “அளக்குற வாரம் எப்பவும் ஓட்டுற மாதிரியே ஓட்டுங்க, சரியா?”
ஆகா! எப்பவும்போல் ஓட்டினால் புகை கக்கும். அதை அவன் மைத்துனியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். நானா மாட்டுவேன்?

மார்ச் 21
வரலாறு படைத்தேன். தேநீர் அறைக்கு நீராவி கிடையாது. தொழிலாளர் குளியலறைக்கு வெந்நீர் கிடையாது. ஒரு வாரம்தானே, பொறுத்துக்கொள்ளட்டும். கொதிகலன் நோன்பிருக்கும் முனிவர்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. புகைபோக்கியில் காக்கை கூடு கட்டியிருக்கலாம்!
சகலை குளியலறைக் குழாயைத் திறந்து கையை நீட்டினான். என்னைப் பார்த்தான். ஏதோ எழுதிக்கொண்டான்.

மார்ச் 24
இந்த வாரம் செல்லாதாம்! மறுபடி அளக்க வேண்டுமாம்!
“குழாய் சில்லுன்னு இருக்குண்ணே. இது உங்க வழக்கமான வாரம் இல்ல.”
பொறாமை. அப்பட்டமான பொறாமை. இவ்வளவு குறைந்த என் புகை எண் அவனுக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 27
ஆணையத்துக்கே போனேன். தலைமை அம்மாள் முன்னால் சிங்கமாய்க் கர்ஜித்தேன்: “சகலையே அளந்தா எனக்கு நியாயம் எங்கேருந்து கிடைக்கும்?” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் சொன்னது சரிதான் என்றார். கோப்பு அவன் கையைவிட்டுப் போனது. செல்லாது என்று அவன் எழுதியதும் அதோடு போனது; என் எண் நின்றது. வெற்றி முரசு கொட்டட்டும்!

ஏப்ரல் 9
ஆணையத்தின் உத்தரவு வந்தது. அளந்த வாரம் எவ்வளவு விட்டோமோ அதுதான் இனி வரம்பு. வருஷம் முழுக்க. மீறினால் புகைபோக்கிக்குச் சீல்.
முதலாளி கூப்பிட்டார். “பக்கத்து எண்ணெய் ஆலைக்காரன் எப்பவும்போல கக்கினான். அவனுக்குத் தாராளமா குடுத்திருக்காங்க. நமக்கு ஊசிமுனை. யாருய்யா உன்ன இவ்வளவு நல்லவனா இருக்கச் சொன்னது?”
குளியலறை வெந்நீர் இனி கிடையாது என்று பலகையில் ஒட்டிவிட்டார்.

ஏப்ரல் 12
சோப்புக் காய்ச்சும் அக்கா வழிமறித்தாள். “ஊருக்கே சோப்பு செய்யறோம்ண்ணே, நாங்க பிசுக்கோட வீட்டுக்குப் போறோம். பச்சத் தண்ணியில இந்தக் கொழுப்பு போகுமா? என் புள்ள கிட்டயே வரமாட்டேங்குறா.”
முதலாளி பலகையில் ஒட்டிய காகிதத்தை இன்னொரு முறை படித்தேன். ஒரு தொப்பிக்காகவா இத்தனையும்—

ஏப்ரல் 13
சகலை வீட்டுக்குப் போனேன். கால் போகவில்லை, நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். வரம்பை மாற்றித் தரச் சொன்னேன்.
“ஃபைல் என் கையில இல்லண்ணே. நீங்கதான புடுங்க வச்சீங்க?”
மைத்துனி சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை.
“இல்லாததும் நல்லதுக்குத்தான். இப்ப உங்க ஆலைக்கு நான் ஆய்வாளர் இல்ல, உங்களுக்குச் சொந்தக்காரன் மட்டும்தான். அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேன். குழாயில எங்கெங்க ஆவி வீணாப் போகுதுன்னு பாப்போம். வீணாப் போறத நிறுத்தினாலே குளிக்க வெந்நீர் வந்துடும்.”

ஏப்ரல் 20
வந்தான். பழைய சட்டை, தொப்பி இல்லை. குழாய்களுக்கடியில் நாள் முழுக்கத் தவழ்ந்தோம். ஒழுகும் இடங்களை என்னைவிட அவனே அதிகம் கண்டுபிடித்தான். என் சாம்ராஜ்யத்தில்! நான் பொத்தின இடத்தைக்கூட ஒருமுறை காது வைத்துக் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தான். ராட்சசன்.

மே 4
மூன்று ஞாயிறு ஆயிற்று. கடைசி ஒழுகலையும் அடைத்து, குழாய்க்குக் கம்பளி சுற்றி, குளியலறைக் குழாயைத் திறந்தோம். புகைபோக்கி மீட்டர் வரம்புக்குள்தான் நின்றது. தண்ணீர் முதலில் சில்லென்று, பிறகு வெதுவெதுப்பாக, பிறகு அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு “அம்மாடி, சுடுது!” என்று கத்தினாள். ஒரே கைதட்டல். யாருக்கு? அவனுக்கு. எரிகிற என் வயிற்றைக் கொதிகலனோடு இணைத்திருந்தால் எரிபொருளே தேவைப்பட்டிருக்காது.
வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே வந்தோம். மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். “ரெண்டு பேரும் தலைய அலசாம உள்ள கால் வைக்கக் கூடாது!”
அப்போதுதான் பார்த்தேன். அவன் தலையிலும் கரி.
என்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகம். அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்கிறேன்.