பசியாறிட்டீங்களா என்ற கேள்வி

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில், சாம்பார் வாசனைக்கு நடுவே ஒரு குரல் என்னைத் திரும்ப வைத்தது.

"அண்ணே, பசியாற என்ன இருக்கு?"

கேட்டவர் இந்த மலாய் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்திருந்த பரிமாறுபவர் ஒரு கணம் விழித்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு அந்தப் பரிமாறுபவரிடம் ஊர் விசாரிக்கப் போயிருப்பாய்.

கிள்ளான் மருத்துவமனையில் நாம் ஒரே வார்டில் தாதிகளாக இருந்தோம். சொல் பைத்தியம் உனக்குத்தான். மலாய்த் தாதி "காத்தில்" என்று நோயாளியின் படுக்கையைச் சொன்னால் என்னை இடிப்பாய். "நம்ம கட்டில்தான் லா அது! கப்பலேறி வந்து இங்கேயே குடியுரிமை வாங்கிருச்சு." அதைச் சுற்றிய துணி மலாயில் தீராய், நம் திரை. வெளியே பெயர்ப்பலகையில் கெடாய், நம் கடை. எனக்கு அதெல்லாம் வெறும் பொழுதுபோக்காகவே பட்டது, அந்தக் காலை வரும்வரை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் குடலிறக்க அறுவைக்குக் காத்திருந்தார். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றார். எதுவும் உண்ணவில்லை என்று படிவத்தில் எழுதிவிட்டேன். அறுவை அறைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். நாங்கள் பேசியதைக் கேட்டிருந்த நீ ஓடி வந்து வண்டியின் கம்பியைப் பிடித்தாய்.

"அண்ணே, காலையில வாயில ஏதாச்சும் போட்டீங்களா?"

"கூட்டாளி ரெண்டு ரொட்டி சானாய் கொண்டாந்தான். அது எங்க பத்தும்? பசி ஆறலைங்க."

இங்கே பசியாறுவது காலை உணவு உண்பது. அவருக்கோ பசி அடங்குவது. மயக்கத்தில் அந்த ரொட்டி மேலேறி நுரையீரலுக்குள் போயிருந்தால்?  தலைமைத் தாதியிடம் நானே போய்த் தவறைச் சொன்னேன். அறுவை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. அவர் நலமாக வீடு திரும்பினார்.

நீ என்னைத் திட்டவில்லை. மதிய இடைவேளையில் உன் கண்கள் மின்னின. "அர்த்தம் சொல்லுக்குள்ள இல்லடி, பேசற ஆளுங்களுக்கு நடுவுல இருக்கு!" பசியாறுவது என்ற சொல்லை இங்கே கொண்டு வந்தது உன் முன்னோரான கடற்கரை முஸ்லிம் வணிகர்களா, என் முன்னோரான ரப்பர்த் தோட்டத்துச் சனங்களா என்று அன்று தொடங்கிய சண்டைக்குத் தீர்ப்பே வரவில்லை. உன் புற்றுநோய் முந்திக்கொண்டது.

நீ போன பிறகு, ஐம்பது வயதில், வார இறுதி மொழியியல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். தெரியுமா? முதல் நாளே விரிவுரையாளர் சொன்னார்: ஒலிக்கும் பொருளுக்கும் இயற்கையான கட்டு எதுவும் இல்லை, ஒரு சமூகம் ஒத்துக்கொள்வதால்தான் சொல் குறியாகிறது, இதை உணர்ந்ததுதான் மொழியியல் வரலாற்றில் ஒரு பெரிய திருப்பம் என்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நீ சாப்பாட்டு மேசையில் சொன்னது அல்லவா இது! கையைத் தூக்கி, ரொட்டி சானாய் கதையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். வகுப்பே கைதட்டியது.

"அடுத்த வாரம் உங்க தோழியையும் கூட்டிட்டு வாங்களேன்" என்றார் விரிவுரையாளர்.

"கூட்டிட்டுத்தான் சார் வந்திருக்கேன்" என்றேன்.