மேடையேறிய உன் தாய்ச்சி

கழிவறை நாற்றத்தின் மேல் மல்லிகை ரூம் ஸ்பிரே அடித்திருந்தார்கள். இரண்டும் கலந்து தையல் ஹால் முழுக்க நின்ற வாடையில், காலையில் குடித்த டீ தொண்டைக்கு ஏறி வந்தது. வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் வரும் நாளில் நம் கம்பெனியில் அடிக்கும் வாடைதான். உனக்குத் தெரியாததா? ஆனால் மேடையில் கட்டியிருந்த பேனரைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே குமட்டியது. ‘தொழிலாளர் நலனுக்காகத் தாய்ச்சி.’

சிங்கப்பூரில் வயதான ஒரு சீன அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்துவிட்டுக் கீரனூருக்குத் திரும்பியவள் நீ. அவரைக் காலையில் பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது, கூடவே நின்று தாய்ச்சி என்ற அந்த மெதுவான சீனப் பயிற்சியைக் கற்றுக்கொண்டிருந்தாய். என் பக்கத்து மெஷினுக்கு வந்த புதிதில், கழுத்து பிடித்து நான் அழுததைப் பார்த்தாய். டீ இடைவேளையில் பேக்கிங் ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துப்போனாய்.

“ஏ புள்ள, தோள எறக்கு. தண்ணிக்குள்ள கைய நகத்துற மாரி நகத்து. மூச்ச அடக்காத.”

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கொஞ்ச நாளில் பஸ் ஜன்னல் பக்கம் கழுத்தைத் திருப்பி வேடிக்கை பார்க்க முடிந்தது. பிறகு பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள்.

ஒருநாள் மேனேஜர் வந்து நின்றார். “என்னங்கடி இங்க, சாமியாட்டமா?”

“கழுத்து வலிக்கு சார். எங்க டீ டயத்துலதான் செய்றோம்” என்றாய்.

அவர் உன்னைப் போலவே கையை ஆட்டிக் காட்டினார். சூப்பர்வைசர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுநாள் உன்னை இஸ்திரிக்கு மாற்றினார்கள். அங்கேயும் நீ பயிற்சியை விடவில்லை. கடைசியில் வேலையில்லை என்று கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். அடுத்த மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. கம்பெனியிலிருந்து ஒரு மாலைகூட வரவில்லை.

இன்று அதே மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க ஆரோக்கியத்துக்காக நானே யோசிச்சுக் கொண்டாந்த திட்டம்” என்றார். கடைவாயில் எச்சில் மினுமினுத்தது. திருச்சியிலிருந்து வந்த பயிற்சியாளர் கையை உயர்த்தச் சொன்னார். எங்கள் உடம்பு தானாகவே நகர்ந்தது. அவருக்கு ஆச்சரியம். “நல்லா செய்றீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?” என்று என்னிடம் மைக்கை நீட்டினார்.

உன் பெயரைச் சொன்னேன். “இந்த சார்தான் அவள வெளிய அனுப்புனாரு” என்றும் சொன்னேன்.

மேனேஜரோ சிரித்தார். “பழசெல்லாம் எதுக்கும்மா இப்ப? போட்டோவுக்கு நில்லுங்க.”

கொஞ்சமும் கூசாத அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வரிசையை விட்டு வெளியே வந்தேன். காஜாப் பெண்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். போட்டோவில் சூப்பர்வைசர்கள்தான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவியும் அருவருப்பு அடங்கவில்லை. நாளைக்கும் வேலைக்குப் போவேன், மகள் படிக்கிறாள். எதிரே வந்தால் அந்த ஆளுக்கு வணக்கமும் வைப்பேன். ஆனால் இந்த அருவருப்பை மட்டும் ஆறவிட மாட்டேன். என்றைக்காவது அவர் எனக்கு நல்ல மனிதராகத் தெரிந்துவிட்டால், அன்றைக்குத்தான் நீ நிஜமாகவே செத்துப்போவாய்.