அளவு பெரிய கிளவுஸ்

என்னங்க,

நீங்கள் உங்கள் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. நான் ஒன்றும் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் கோல்ஃப் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் மைதானத்துக்குப் போய்வருகிறேன்.

சிரிக்காதீர்கள். உள்ளங்கையில் நான்கு கொப்புளம். தையல் கடையில் துணி வெட்டக் கத்தரிக்கோலைப் பிடித்தால் உயிர் போகிறது. இடுப்பு பிடித்துக்கொண்டது, கழுத்து வெயிலில் கன்றிப்போனது. இவ்வளவு பாடுபட்டும் பந்து வைத்த இடத்திலேயே இருக்கிறது; புல்தான் பெயர்ந்து பறக்கிறது.

பயிற்சி கொடுப்பவர் என் கையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யார் மேலம்மா கோவம்? மட்டைய ஏன் கழுத்த நெரிக்கிற மாதிரி புடிக்கிறீங்க? இந்த கிளவுஸ் வேற தொளதொளன்னு இருக்கு. அது உரசித்தான் கொப்புளம் வருது. உங்க அளவுக்கு ஒண்ணு வாங்குங்க."

"இதுவே போதும்" என்றேன். உங்களுடையது என்று சொல்லவில்லை.

"என்னைவிட அந்தப் பந்துதான் உங்களுக்குப் பெரிசு" என்று நீங்கள் கிளம்பிப்போன அன்றைக்குக் கத்தியது நான்தான். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று பார்க்கத்தான் போனேன். ஒரு மண்ணும் புரியவில்லை. நேற்று மட்டும் ஒரு பந்து நேராக எழும்பி, நூறு கெஜம் தள்ளிப் போய் விழுந்தது. "பாத்தீங்களா!" என்று திரும்பிக் கத்திவிட்டேன். பக்கத்தில் நின்றவர் யாரோ எவரோ. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் இரண்டு பேருக்கு இடம் பதிவு செய்திருக்கிறேன். கோபம் தீரவில்லையென்றால் கோபத்தோடேயே வாருங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பவள்