விரிசல் அடைக்கும் செலவு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமென்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்காலில் வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் போக வசதியாகக் குழந்தையை ஆறு மாதம் இங்கே விடுவதாக எழுதியிருந்தாய். விடாதே.

வீட்டுக்குப் பின்னால் பழைய பேட்டரி தொழிற்சாலை இருந்த இடத்தைத் தார் போட்டு மூடினார்களே, அதற்கு மதிப்பீடு எழுதியது நான்தான் என்று உன்னிடம் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். ஈயம் ஊறிய மண்ணை அள்ளிக் கொண்டுபோக ஆகும் செலவில் கால்வாசி இருந்தால் தார் போட்டுவிடலாம். ஆனால் தார் வெடிக்கும், வருடா வருடம் விரிசலை அடைக்க வேண்டும், முப்பது வருடத்துக்கு அதையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். எங்கள் ஆபீஸ் இன்ஜினியர் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் வர்ற செலவை அப்பப்ப பாத்துக்கலாம்மா, இப்பவே காட்டி ஏன் காரியத்தைக் கெடுக்கறீங்க" என்றார். அந்த வரியை அடித்தது என் பேனா. பிறகு அடைக்கப் பணம் கேட்டபோதெல்லாம் திட்டத்தில் இல்லாத செலவு என்று திருப்பி அனுப்பினார்கள். விரிசலில் புல் முளைத்தது, புல்லைப் பிடுங்கி விளையாடப் பிள்ளைகள் வந்தார்கள்.

கீழே குடியிருப்பவளின் நாலு வயதுப் பெண்ணுக்கு ஓயாத வயிற்று வலி, நேற்றுவரை சொன்ன வார்த்தைகள் இன்று வருவதில்லை. ரத்தத்தில் ஈயம் என்றார்கள். வீட்டில் ஈயம் கலந்த பழைய பெயிண்டு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டாராம். அவள் என்னிடம் வந்து கேட்டாள், இருக்கலாம் என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாள் உட்கார்ந்து ஜன்னல் பெயிண்டை முழுக்கச் சுரண்டினார்கள். எதுவும் தெரியாத உன் அப்பா, "வாடகையும் குடுத்து வேலையும் பாக்கற குடித்தனம் யாருக்குக் கிடைக்கும்" என்று சிரித்தார். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். நேற்று அந்தச் சின்னப் பெண் மறுபடி தார்மேல் உட்கார்ந்து குச்சியால் தோண்டிக்கொண்டிருந்தாள். அதன் பிறகும் ஒரு ராத்திரி பொறுத்து, இன்று காலைதான் இறங்கிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன வருஷம் உங்க பேத்தியை அங்க பாய் விரிச்சு உக்கார வெச்சீங்களே அக்கா, எம்பொண்ணு அதுல ஏற வந்தப்ப கால் அழுக்குன்னு இறக்கிவிட்டீங்களே, அப்பவே தெரியுமா?" என்றாள். அம்மாவுக்குச் சுத்தப் பைத்தியம் என்று அன்றைக்கு நீகூடக் கேலி செய்தாய். தெரியும் என்றேன். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். பாயை நம்பி இருந்துவிடாதே, குழந்தையின் ரத்தத்தைப் பரிசோதி, ஈயம் என்று பெயர் சொல்லிக் கேள். நல்லபடியாக வந்தால் எனக்கு எழுதாதே. தினமும் அந்தக் கதவைத் தாண்டித்தான் படி இறங்குகிறேன், அந்தச் சந்தோஷத்தையும் முகத்தில் மறைத்துக்கொண்டு போக என்னால் ஆகாது.

உன்னைப் பெற்றவள்.