இரண்டு பேரை எடுத்துவிட்டால்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம்தானே? மாமாவின் முதுகுவலி தேவலையா?

சிறையில் நான் நடத்தும் வெல்டிங் வகுப்பை நிறுத்தப்போகிறார்களாம். கண்காணிப்பாளர் கூப்பிட்டு, "உங்க அக்கா ஆராய்ச்சியிலயே பயன் இல்லன்னு வந்திருக்கே" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. என்னிடம் படித்து வெளியே போனவர்களில் கொஞ்சம் பேர்தான் மறுபடி உள்ளே வந்தார்கள் என்று நீதானே சொன்னாய்?

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

மாமா நடக்கிறார், முணுமுணுக்கிறார். அதனால் நலம்தான்.

"பயன் இல்லை" என்று நான் எழுதவே இல்லை. வகுப்பால் ஒரு வித்தியாசமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வோம். அப்படியிருந்தும் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகத் தென்பட நூற்றில் ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்றால், வகுப்பால் பலன் உண்டு என்று ஒப்புக்கொள்வோம். உன் வகுப்பில் ஆட்கள் குறைவு. ஐந்துக்குப் பதில் நூற்றில் ஏழு என்று வந்தது. "உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்று எழுதினேன். மேலே போகப் போக அது "பயன் இல்லை" ஆகிவிட்டது.

அக்கா

மார்ச் 19

அக்கா,

இரண்டு முறை படித்தேன். கோர்ட்டில் குற்றம் நிரூபணமாகாவிட்டால் ஆளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கே பயன் நிரூபணமாகாவிட்டால் வகுப்பையே அனுப்பிவிடுவதா? குழப்பத்தில் கேட்கிறேன், கோபப்படாதே.

பேர் கொடுத்துவிட்டுச் சில நாள் மட்டும் தலைகாட்டிய இரண்டு பேர், வெளியே போய்த் திருடி மறுபடி மாட்டிக்கொண்டார்கள். அவர்களையும் என் கணக்கில் சேர்த்திருக்கிறாயாமே. என்னிடம் என்ன படித்தார்கள் அவர்கள்? எடுத்துவிட்டுப் பாரேன்.

தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

எடுத்துப் பார்த்தேன். அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஏழு, ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டது. மனசு குளிர்ந்தது. பிறகுதான் உறைத்தது: பாதியில் நின்றும் ஒழுங்காக இருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களை மட்டும் கணக்கில் ஏன் விட்டுவைத்தேன்? இருவரையும் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

இன்னும் ஆட்களைச் சேர்த்து இன்னொரு வருடம் பார்க்க வேண்டும் என்று சிறைத்துறைக்கு எழுதியிருக்கிறேன். உன் அக்கா என்பதால் நான் சொல்வது எடுபடுமா தெரியவில்லை. சரியாகத்தான் செய்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

வகுப்பை மூடிவிட்டார்கள். மெஷின்களை லாரியில் ஏற்றும்போது, நான் எடுத்துவிடச் சொன்ன இருவரில் ஒருவன் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிட்டே வந்து, "சார், நான் திரும்பி வந்ததாலதான் மூடிட்டாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அது உண்மையா, பொய்யா? எனக்கே தெரியாது. மறுபடி வகுப்பு வைத்தால் தன் பேரையும் எழுதிக்கொள்ளச் சொன்னான். "இந்தத் தடவ பாதியில நிக்க மாட்டேன் சார்."

அவனை நீ எடுக்காததில் உன்மேல் கோபம் இருக்கிறது. எடுத்திருந்தால் அவன் முகத்தில் எப்படி விழித்திருப்பேன் என்றும் இருக்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்காதே. இந்த மாதம் வீட்டுக்கு வரவில்லை, கொஞ்ச நாள் போகட்டும்.

துறையிலிருந்து பதில் வந்தால் மட்டும் சொல். அவன் பேரை எழுதிக்கொண்டேன். உன் கணக்குக்கு அவன் ஆகாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி