அபிக்குத் தண்ணீர் வார்க்கும் கை

யூன் 4, செவ்வாய்
சோளகக் காற்று, கடல் கொந்தளிப்பு. காலைப் படகில் நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம், கிளினிக். வழியில் இரண்டு தரம் வாந்தி.

டொக்டர் சின்னப் பெட்டை. இரத்த ரிப்போட்டைப் பார்த்து முகம் சுளித்தாள். மூன்று மாதம் குளிசை போட்டும் தைரொயிட் அசையவேயில்லையாம்.

"வெறும் வயித்திலைதானே போடுறனீங்கள்?"

"ஓம் டொக்டர். எழும்பின உடனை, பால் தேத்தண்ணியோடை."

"ஐயோ அம்மா! பால் குளிசையை உடம்பிலை சேரவிடாது."

தேத்தண்ணீரை எங்கள் ஊரில் யார் சாப்பாடு என்று நினைத்தார்கள்? விரதத்துக்கே குடிக்கிறோம். மூன்று மாதமும் வீண். மடைச்சி நான்.

தோல் எப்போது சரிவரும் என்று கேட்டேன். "தைரொயிட் சுரக்கிறது குறைஞ்சால் வியர்வை, எண்ணெய்ப்பசை எல்லாம் குறையும். தோல் காஞ்சு தடிக்கும். இனி ஒழுங்காய்ப் போட்டாலும் மாதக்கணக்காகும்."

"பத்து நாளிலை ஏலாதோ?"

சிரித்தாள். தொற்றாது என்று மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

இவருடைய தங்கச்சி மகள் அபி பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு 14ஆம் திகதி.

யூன் 5, புதன்
கண்ணாடியில் பார்த்தது:
முழங்கால் - மீன் செதில்.
குதிக்கால் - வெடிப்பு. சீலை மாட்டுகிறது.
உள்ளங்கை - மஞ்சள், சொரசொரப்பு.
கண்மடல் - வீக்கம்.
புருவம் - வெளிப்பக்கம் காணவில்லை.

இரண்டு வருடமாகக் கிணற்று உவர்த் தண்ணீரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் கிணறு.

குளிசை, கா. 5.00, பச்சைத் தண்ணீரில். பிறகு முக்கால் மணி நேரம் தேத்தண்ணீர் இல்லாமல். விசர் வருகிறது.

யூன் 8, சனி
மச்சாள் வீட்டில் பலகாரச் சூடு. மச்சாள் இவருடைய தங்கை, அபியின் தாய். நான் மாவில் கை வைக்கும் முன்னமே பக்கத்து வீட்டுக் கமலாக்கா, "நீர் இரும் பிள்ளை, நாங்கள் செய்யிறம்" என்றா. கதிரை கொண்டுவந்து போட்டார்கள். மூன்று மணி நேரம் விருந்தாளி மாதிரி அதில் இருந்தேன்.

குசினிக்குள் யாரோ: "உது குட்ட வருத்தமோ என்னவோ, ஆர் கண்டது."

எழும்பிப் போய்க் கேட்க நினைத்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

தாய்மாமன் பெண்சாதி நான். அபிக்குத் தலைக்குத் தண்ணீர் வார்ப்பதும், அறுகம்புல்லைப் பாலில் தோய்த்துத் தலையில் முதலில் வைப்பதும் என் உரிமை. உரிமை கிடக்கட்டும். எனக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு முதல் சோறு தீத்தினதும் இந்தக் கைதான்.

யூன் 11, செவ்வாய்
இவர் தங்கச்சியிடம் போய்க் கதைத்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம்.

"தொத்தாதாம். டொக்டர் சொன்னவ."

"எனக்கு விளங்குது அண்ணை. சனத்துக்கு ஆர் விளங்கப்படுத்துறது? வீடியோவும் எடுக்கினம். அண்ணியை ஒரு கையுறையெண்டாலும் போடச் சொல்லுங்கோவன்."

கையுறை! என்ன, மாட்டுக்குப் பிரசவமா பார்க்கப் போகிறேன்? இவர் திரும்பி வந்து சாப்பிட்டார். கோபத்தில் கறிக்கு உப்புப் போடவில்லை. அதையும் பேசாமல் சாப்பிட்டார்.

யூன் 13, வியாழன்
பின்னேரம் அபி போன் எடுத்தாள்.

"மாமி, நீங்கள்தான் வார்க்கவேணும். அம்மாவோடை சண்டை பிடிச்சனான். ஓம் எண்டிட்டா."

என் குஞ்சு. கைக்கு இரண்டு தரம் எண்ணெய் பூசினேன். நகம் வெட்டும்போது ஒன்று பிளந்து இரத்தம். பரவாயில்லை.

யூன் 14, வெள்ளி
கையுறை இல்லை. வார்த்தேன். முதல் செம்பு, இரண்டாவது, மூன்றாவது. கடைசியில் தலை மயிரை ஒதுக்கித் தோளைத் தடவினேன். பிள்ளை சட்டென்று உடம்பை ஒடுக்கினாள். குளிராக்கும் என்று நினைத்தேன்.

சீலை உடுத்திவிட அறைக்குப் போனேன். கதவு நீக்கல். அபி ஈரத் துணியில் சவர்க்காரம் போட்டுத் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மச்சாள் ஏதோ ஏசுகிறா.

"நான் என்னம்மா செய்யிறது? மாமி பாவம் எண்டுதானே கேட்டனான்."

வெளியே பாலறுகுக்கு முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். தலையிடி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.